வெள்ளைப் பூனையின் காதில் ஆறாத புண்: பயாப்சியிலிருந்து ஆபரேஷன் வரை

எங்கள் வீட்டுப் பூனை சுண்ணாம்புக்குக் காதில் வந்திருப்பது புற்றுநோய் என்று தெரிவதற்குள் படைக்குக் களிம்பு, சீழுக்கு மாத்திரை, சொறிக்கு ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் வெள்ளைப் பூனை இருக்கிறது. அவர்கள் கேட்டுக் கேட்டு நான் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

சுண்ணாம்பு தலை முதல் வால் வரை வெள்ளை. பேர் வைத்தது மாமனார். காலையில் சாப்பிட்டதும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் படுத்தால் மத்தியானம்தான் இறங்குவான். ஒவ்வொரு கோடையிலும் காது நுனி சிவந்து, முடி கொட்டி, பொடுகு போல உரியும். மழை பிடித்ததும் அடங்கிவிடும். போன வருஷம் அடங்கவில்லை. இடது காதின் விளிம்பு உள்பக்கம் சுருண்டு, மேலே கறுப்பாகப் பொருக்குக் கட்டியது. அவன் தலையை உதறும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளி. பொருக்கு உதிர்ந்த இடத்தில் குழி இருந்தது. விளிம்பில் சதை கொஞ்சம் குறைந்தே போயிருந்தது.

"எதிர்வீட்டுக் கடுவன் கடிச்சிருக்கும்" என்றார் அத்தை. முதலில் காட்டிய கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் திரும்பும். மேலே இருக்கிற சீழ் மட்டும் மருந்துக்குக் கேட்கிறது, அடியில் இருப்பது கேட்கவில்லை என்பதுதான் விஷயம். அது குணமாவது போலவே தெரியும் என்பதால் இதில் மாதக்கணக்கில் போய்விடும்.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஊதா விளக்கு அடித்துப் படை இருக்கிறதா என்று பார்த்தார், தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் சொறிப்பூச்சி தேடினார். இரண்டும் இல்லை. "வெள்ளைப் பூனை, காது நுனி, வாரக்கணக்கா ஆறாத புண்ணு. இனிமே பயாப்சி எடுக்காம ஒரு களிம்புகூட எழுத மாட்டேன்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பயாப்சி என்றால் புண்ணிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து லேபில் பார்ப்பது. அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

பொருக்கின் மேல் கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் சீழும் கிருமியும்தான் தெரியுமாம். அதனால் மயக்கம் கொடுத்து, பொருக்கை நீக்கி, புண்ணும் நல்ல தோலும் சேருகிற இடத்தில் சின்னதாகச் சதை எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது, ஒரு வகைத் தோல் புற்றுநோய். நிறமி இல்லாத தோலில் புற ஊதாக் கதிர் வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு வருவது. கோடைதோறும் சிவந்ததே, அதுதான் அதன் முதல் கட்டம். பெங்களூர் வெயில் சுடாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளுகுளு காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காது மடலில் வரும் இந்த வகை அக்கம்பக்கத்தை அரித்துக்கொண்டு போகும். தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவது மெதுவாகத்தான். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். தாடைக்குக் கீழே நெறிக்கட்டியில் ஊசி வைத்து எடுத்தார்கள், நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், கிட்னி எல்லாம் ஆயிற்று. மூக்கு நுனியையும் கண் இமையையும் உற்றுப் பார்த்தார்கள், அங்கேயும் அதே வெயில்தானே படுகிறது. எங்களுக்கு இந்தச் சோதனைகளின் பில்தான் ஆபரேஷன் பில்லைவிடக் கனம்.

சிகிச்சை என்ன என்று பேசும்போது, மேலோட்டமான சின்னப் புண் என்றால் திரவ நைட்ரஜனால் உறைய வைத்துக் கருக்கலாம், ஆனால் வேரோடு போயிற்றா என்று லேபில் பார்க்கச் சதை கையில் இருக்காது என்றார் டாக்டரம்மா. சுண்ணாம்புக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இடது மடலை நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுப்பது, வலது நுனியில் ஆரம்பச் சிவப்பு இருப்பதால் அதையும் கத்தரித்துவிடுவது என்று முடிவானது. வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "காதில்லாத பூனைக்கு எப்படிம்மா கேக்கும்?" என்று அத்தைக்குத் தூக்கமே இல்லை. மடல் சத்தத்தைத் திரட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கேட்கிற கருவி மண்டைக்குள் இருக்கிறது. இப்போதும் கருவாட்டு டப்பா மூடியைத் திறந்தால் மூன்றாவது மாடியிலிருந்து ஓடி வருகிறான்.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குருத்தெலும்பின் விளிம்பு மேல் தோலை இழுத்து மூடித் தையல் போட்டிருந்தது. ஆபரேஷனைவிடக் கஷ்டம் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் புனல்தான். அதை மாட்டியதும் பின்பக்கமாகவே நடந்து கட்டிலுக்கடியில் போய் முட்டிக்கொண்டு நிற்பான். குழிந்த கிண்ணத்தில் வாய் எட்டாது, தட்டையான தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். பாவம் பார்த்துக் கழற்றினால் பின்னங்காலால் ஒரே பிராண்டலில் தையல் போய்விடும். 10-14 நாளில் தையல் பிரிக்கும் வரை கல்மனசாக இருங்கள்.

வலிக்கு அவர்கள் கொடுத்தது கன்னத்துக்குள் விடுகிற சொட்டு மருந்து. இதைத் தயவுசெய்து கவனியுங்கள்: வீட்டுக்கு வீடு டோலோ இருக்கிறது, அது பாராசிட்டமால் மாத்திரைதான், பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

வெட்டிய மடலைக் குப்பையில் போட விடாதீர்கள். அதையும் லேபுக்கு அனுப்பி, விளிம்பில் புற்றுச் செல் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்கு விளிம்பு சுத்தம் என்று வந்தது. இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் குழம்ப வேண்டாம். அங்கே காத்திருந்தபோது சிவாஜிநகர் பாய் ஒருவர் கூடையில் செம்பட்டைப் பூனையோடு உட்கார்ந்திருந்தார். அதற்கு மடலில் ஒன்றுமில்லை, காதுக்குள்ளிருந்து நாற்றமெடுத்த கசிவு, தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. காதுக் குழாயின் மெழுகுச் சுரப்பியில் வருகிற கட்டி, வெயிலுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லாதது. அதற்கு சி.டி. ஸ்கேன், குழாயையே முழுசாக எடுக்கிற பெரிய ஆபரேஷன் எல்லாம் வேண்டியிருக்கும்.

இப்போது பத்து மணி முதல் நாலு மணி வரை மாடிக் கதவைத் தாழ் போட்டுவிடுகிறோம். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் கதிரில் ஒரு பங்கு வரும் என்பதால் திரை. நம் சன்ஸ்கிரீனைப் பூசலாமா என்று கேட்காதவர் இல்லை: காதைத் துடைத்த காலை நக்குகிற ஜாதி இது, அதில் இருக்கிற ஜிங்க் ஆக்சைடும் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பூனைக்கென்றே இருப்பதை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பூசுங்கள். உடம்பு கறுப்பாக இருந்து காது மட்டும் வெள்ளையாக இருக்கிற பூனைக்கும் இதெல்லாம் பொருந்தும். கீழ்வீட்டு அக்காவின் பூனை அப்படித்தான். அதன் காதையும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறோம்.