பொறுப்பு: அனைத்துத் துறைகள்

மாநில அளவில் தற்கொலைத் தடுப்புத் திட்டம் ஒன்று தயாராகிறது, வரைவுக் குழுவில் நீங்களும் வேண்டும் என்று கடிதம் வந்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பதினாறு வருடமாக மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். உயிரை விட முயன்று பிழைத்து வந்தவர்களின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதுதான் என் வேலை.

முதல் கூட்டத்தில் அச்சடித்த வரைவைக் கொடுத்தார்கள். நடுவில் பெரிய அட்டவணை. செயல்பாடு, பொறுப்பு, காலக்கெடு. 'முயன்று பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தல்' என்ற வரியைத் தேடிப் பிடித்தேன். பொறுப்பு: அனைத்துத் துறைகள். காலக்கெடு: தொடர்ச்சியாக.

சரி, போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எழுதினால் டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள் அந்த ஆளுக்கு யாரும் ஃபோன் செய்யப் போவதில்லை. ஒருமுறை முயன்றவர்தான் மறுபடி முயலும் ஆபத்தில் அதிகம் இருப்பவர். அதிலும் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் ரொம்ப மோசம். வார்டில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் அதே பிரச்சினை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

நான் பேசும்போது ஒரே ஒரு ஆய்வைத்தான் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, இலங்கை, பிரேசில், ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தி 2008இல் வெளியிட்டது. முயன்று பிழைத்த 1,867 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. அப்புறம் பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை ஃபோனிலோ நேரிலோ விசாரிப்பு. பதினெட்டு மாத முடிவில் முதல் பாதியில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள், மறு பாதியில் 0.2 சதவீதம். பின்னால் வந்த பல ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒன்பது ஃபோன் என்பது என்ன பெரிய செலவு?

"ஃபோனில் என்னம்மா பேசுவீங்க?" என்று கேட்டார் ஒரு மூத்த அதிகாரி. நல்ல கேள்வி. என் நோட்டைத் திறந்து காட்டினேன்.

ஆரம்பத்தில் எனக்கே தெரியாது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேன்" என்று வரும். டிக் போடுவேன். அப்படி டிக் வாங்கிய ஒரு பெண் மூன்றாம் வாரம் மறுபடி வார்டுக்கு வந்தாள். பிழைத்துக்கொண்டாள். "நீங்க கூப்பிட்டப்ப எல்லாரும் பக்கத்துல இருந்தாங்க, அக்கா" என்றாள். கேஸ் ஷீட்டில் இருந்ததும் அவள் நம்பர் இல்லை, கணவருடையது. அதற்கப்புறம் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதிவிடுகிறேன்: உங்கள் கையில் இருக்கும் நம்பர் எது, தனியாக இருக்கும் நேரம் எது, வேறு யாராவது எடுத்தால் நான் யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஃபோனில் முதல் கேள்வி, "இப்போ பேச முடியுமா?" முடியாதென்றால் ஆமாம், இல்லை என்ற பதிலிலேயே முடிகிற கேள்விகள். சாகணும்னு நினைப்பு வருதா என்பதும் அதில் உண்டு. நேராகவே கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பாதிப் பேர் பெருமூச்சு விடுவது கேட்கும்.

மற்ற வரிகளில் நான் அதிகம் வாய் திறக்கவில்லை. ஆனால் குழுவில் வேளாண் துறையிலிருந்து ஆளே இல்லை என்பது உறுத்தியது. இலங்கையில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அந்தத் தடை உத்தரவில் கையெழுத்தை மனநல மருத்துவரா போட முடியும்? அடுத்த கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம். உதவி எண்ணைச் சுருக்கமாக வைப்பது பற்றி வாக்குவாதமே இல்லை. அமெரிக்காவில் 988, இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416, இரண்டுமே 2022இல் வந்தவை. தூக்கமில்லாத இரவிலும் நினைவுக்கு வரும்.

சண்டை வந்தது இலக்கு விஷயத்தில். ஐந்து ஆண்டில் இத்தனை சதவீதம் குறைப்போம் என்று முதல் பக்கத்திலேயே போட ஆசைப்பட்டார்கள். இன்றைக்குப் பதிவேட்டில் எத்தனையோ தற்கொலைகள் 'தவறுதலாக' நடந்தவை என்று ஏறுகின்றன. வெட்கம், விசாரணைக்குப் பயம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று குடும்பம் கெஞ்சும், எழுதுகிறவரும் மனிதர்தான். திட்டம் ஒழுங்காக நடந்தால் இதெல்லாம் சரியாகப் பதிவாகும், முதல் இரண்டு வருடம் எண்ணிக்கை ஏறும். திட்டம் தோற்றது என்று எழுதுவார்கள். இதை முன்கூட்டியே திட்டத்திலேயே எழுதி வையுங்கள் என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் அடிக்குறிப்பாகப் போட ஒப்புக்கொண்டார்கள்.

என் வரி மாறிவிட்டது. பொறுப்பு: வார்டு சமூகப்பணியாளர், அவர் விடுப்பில் இருந்தால் பணியிலுள்ள செவிலியர். காலக்கெடு: முதல் அழைப்பு ஏழு நாளுக்குள். இதற்கு வார்டுக்கென்று தனியாக ஒரு செல்ஃபோன் வேண்டும் என்று கேட்டேன். இதுவரை என் சொந்த ஃபோன்தான். நிதித்துறைக்காரர் பேனாவை மூடிக்கொண்டே, "ரீசார்ஜை எந்தத் தலைப்பில் காட்டுவது?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.