வேகத்தடை கேட்டு மனு எழுதும் முன்

"எங்கள் தெருவுக்கு வேகத்தடை வேண்டும்" என்று ஒற்றை வரியில் மனு கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். சென்னையில் தெரு மாநகராட்சியுடையது, போக்குவரத்தோ காவல்துறையின் பொறுப்பு. இருவரும் ஒத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும். பேருந்து ஓடும் சாலைகளுக்குத் தனித் துறை உண்டு; உட்புறத் தெரு என்றால் மண்டல அலுவலகம்.

மனுவுக்கு முன் கணக்கெடுப்பு. சாலையில் 50 மீட்டருக்குச் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். 6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கி.மீ., 4 நொடி என்றால் 45. நூறு வண்டியாவது வேண்டும். மூன்று நாள், காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எதற்கும் உதவாது.

இதைவிட முக்கியம், தெருவின் இரு முனையிலும் ஆளை நிறுத்தி வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை நேரத்தோடு குறிப்பது. உள்ளே வந்த வண்டி நிற்காமல் ஓரிரு நிமிடத்தில் மறுமுனையில் வெளியேறினால் அது சிக்னலைத் தவிர்க்க வந்த வண்டி. அப்படிப்பட்டவை பாதிக்கு மேல் என்றால் வேகத்தடை தீர்வல்ல, ஒருவழிப்பாதையைக் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் அறிவித்தால் போதும். "ஒரு மாதம் சோதனையாக" என்று கேட்டால் அதிகாரிகளும் இறங்கி வருவார்கள். அந்த மாதத்தில் அடுத்த தெருவையும் எண்ணுங்கள். தொல்லை அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் எதிர்மனு நிச்சயம். அந்தத் தெருக்காரர்களின் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவது உத்தமம்.

வேகத்தடைதான் என்று முடிவானால் அளவை மனுவிலேயே எழுதுங்கள்: சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொன்னபடி, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் மிச்சத் தாரை இரண்டடி அகலத்தில் குவித்துவிட்டுப் போவார். அது வேகத்தைக் குறைக்காது, முதுகைத்தான் உடைக்கும். ஓரத்தில் மழைநீர் போக இடைவெளி அவசியம். ஆனால் அகலமாக விட்டால் பைக்குகள் அதில் நுழையும்.

தெருவுக்கு மறுதார் போடும் திட்டம் இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். தடை போட்ட பின் 4 செ.மீ. தார் ஏறினால் மிஞ்சுவது 6 செ.மீ. மேடுதான், சுரண்டிவிட்டுப் போட்டால் அதுவும் இருக்காது, மனு மறுபடி முதலிலிருந்து.