வடக்குச் சுவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் மருந்தகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். எதை எங்கே வைப்பது என்று வரைந்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. மதுரையில் படித்தவன் நான். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் தெற்கே சாய்ந்துதான் வரும். அந்தப் பழக்கத்தில், மருந்துக் கிடங்கை வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டேன்.

கிடங்குப் பொறுப்பாளர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த பெரியவர். பாட்டியிடம் கற்ற தமிழை என்னிடம் மட்டும் எடுத்துப் பேசுவார். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஊரில் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது!" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வடக்கு ஜன்னலருகே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டோம். ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். அப்படியும் நண்பகலில் 29 டிகிரி! பெரும்பாலான மாத்திரைகளை 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். கிடங்கு தெற்கே போனது. காத்திருப்போரின் பெஞ்சுகள் அந்த வெயிலுக்கு வந்தன.

இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. மின்வெட்டுக்குப் பேர்போன நாடு என்பதால், ஜெனரேட்டர் இணைப்புள்ள பிளக்கைத் தேடிப்பிடித்து அங்கேயே குளிர்பெட்டியை நிறுத்தினேன். மார்பீன் போன்ற, இங்கே ஆறாம் அட்டவணை என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் மருந்துகளுக்குப் பூட்டிய அலமாரி, கையெட்டும் தூரத்தில் பதிவேடு.

மருந்து கொடுக்கும் ஜன்னல்களில்தான் வாக்குவாதம் வந்தது. வரிசை சீக்கிரம் கரைய மூன்று ஜன்னல்களை ஒட்டி ஒட்டி வைக்கச் சொன்னது நிர்வாகம். தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, மேசைகளைப் போட்டு நடித்துப் பார்த்தோம். எச்ஐவி மாத்திரையை எப்படி எடுக்க வேண்டும் என்று முதல் மேசையில் தணிந்த குரலில்தான் சொன்னேன். மூன்றாவது மேசையில் நோயாளியாக நின்ற பெரியவர் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். உலகிலேயே மிக அதிகமானோர் அந்த மருந்தை எடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமா? அதிகாரி ஒன்றும் பேசவில்லை. இரண்டு ஜன்னல்கள், நடுவே தடுப்பு, ஓரத்தில் கதவுள்ள சிறிய அறை என்று முடிவானது.

வரிசை இப்போதும் நீளம்தான். நாடாவின் பசையும் தரையைவிட்டு முழுதாகப் போகவில்லை. துடைக்கும் அம்மா என்னைக் கண்டாலே முறைக்கிறார்.