காமிக் சான்ஸுக்காக ஒரு வக்காலத்து

எங்கள் புளோக் லிஃப்ட் லாபியில் தீபாவளி விருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கில வரிகள் முழுக்க காமிக் சான்ஸ் எழுத்துருவில். டிசைன் படித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது. பிரியாணி சாப்பிட வாங்க என்று கூப்பிடுவதற்கு எதற்கு கோட்டும் சூட்டும்?

1994இல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கனேர் வரைந்தது இது. 'பாப்' என்ற மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஒரு கார்ட்டூன் நாயின் பேச்சு டைம்ஸ் நியூ ரோமன் என்ற செய்தித்தாள் பாணி எழுத்துருவில் இருந்ததாம். நாய்க்கு அது ஒட்டவே இல்லை. காமிக்ஸ் புத்தகக் குமிழிகளில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து இவர் புதிதாக வரைந்தார். 'பாப்'பில் சேர்க்க நேரம் போதவில்லை, ஆனால் விண்டோஸ் 95 காலத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2012இல் ஹிக்ஸ் போஸான் என்ற நுண்துகளின் கண்டுபிடிப்பை ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் அறிவித்தபோது ஸ்லைடுகளில்கூட இதுதான். அதற்கும் கிண்டல்!

எழுத்துகள் நெருக்கியடிக்காது, முனைகள் மழுங்கியிருக்கும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்ற எழுத்துருக்களில் ஒன்றாக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் இதைச் சொல்கிறது. டியூஷன் வர்க்‌ஷீட்டுக்குத் தாராளமாகப் போடலாம். இரங்கல் அறிவிப்புக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

தமிழில் தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவனார் எழுத்துரு இருக்கிறது. சாய்ந்த கையெழுத்து, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பெரிதாகப் போட்டால் அழகு. ஆனால் நம் எழுத்தில் சுழி அதிகம். பொடியாக அச்சடித்தால் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலக் கண்ணைக் குழப்பும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குப் போஸ்டர் செய்யப்போகிறவர்களே, தலைப்புக்குக் கவிவனார் போடுங்கள். தேதி, நேரம், இடத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எளிய எழுத்துரு போதும்.