நூறு அடி நீள வீட்டுக்கு மூவாயிரம் ரூபாயில் வைஃபை

கும்பகோணத்துப் பழைய வீடுகளுக்கும் வைஃபைக்கும் ஆகாது. எங்கள் வீட்டின் அகலம் பதினெட்டு அடி. நீளம் நூறு அடிக்கு மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, பிறகு கொல்லை. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்; சில இடங்களில் ஒன்றரை அடி கனம். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் ஒயர் ரேழியோடு நின்றுவிடுகிறது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் அங்கேதான் மாட்டியிருக்கிறது. நான் கணினியோடு உட்காருவதோ இரண்டாம் கட்டில். அலுவலகக் கூட்டத்தில் பாதிப் பேச்சு எனக்குக் கேட்காது. அம்மா சமையலறையிலிருந்து பேத்தியோடு வீடியோவில் பேச ஆரம்பித்தால் படம் நின்றுபோய்க் குரல் மட்டும் வரும். புது ரூட்டருக்கென்று வீட்டில் ஒதுக்கியது 3,000 ரூபாய். அதற்குள் எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வீட்டில் தவிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் சிக்னலை அளந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இதற்கு இலவசச் செயலிகள் உண்டு. அளவு டிபிஎம் கணக்கில், மைனஸ் குறியோடு வரும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வீடியோ அழைப்பு தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67 ஆவது வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். போனைக் கையில் பிடித்தபடி வாசலிலிருந்து கொல்லை வரை நடந்தேன். ரேழியில் மைனஸ் 38. கூடத்தில் 52. முற்றத்தில் 58, திறந்த வெளி என்பதால் அங்கே அதிகம் குறையவில்லை. சமையலறைச் சுவரைத் தாண்டியதும் சட்டென்று 74. என் மேசையில் 85. இந்தக் கணக்கில் பத்து எண், அதாவது பத்து டெசிபெல், குறைந்தாலே சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால், ரேழியில் கிடைப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட என் மேசைக்கு வந்து சேரவில்லை.

இந்த நடைதான் எனக்கு வழி காட்டியது. சிக்னலைத் தின்றது தூரம் இல்லை, சமையலறையின் இரண்டு சுவர்கள். ரேழியில் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியை வைத்தாலும் அந்தச் சுவர்கள் அங்கேயேதான் இருக்கும்.

கடையில் எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டியது ஆறு ஆண்டெனா வைத்த ரூட்டர். "தம்பி, இதை மாட்டினால் தெருமுனை வரைக்கும் எடுக்கும்" என்றார் கடைக்காரர் ஒருவர். நல்ல மனிதர்தான், அவருக்குச் சொல்லப்பட்டதை எனக்குச் சொன்னார். ஆனால் வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் அனுப்புவது போனுக்கு எட்டினால் போதாது. போன் அனுப்பும் பதிலும் ரூட்டருக்கு எட்ட வேண்டும். போனுக்குள் இருக்கும் ஆண்டெனாவும் அதன் சக்தியும் மிகச் சிறியவை. போனில் கோடுகள் நிறையத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதோடு, செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் ஏறக்குறைய மெதுவடை மாதிரி: சுற்றிலும் பரந்து, உச்சிக்கு நேர் மேலே ஓட்டையாக இருக்கும். மாடி வீட்டுக்காரர்கள் ஓர் ஆண்டெனாவையாவது படுக்கைவாட்டில் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். காசு செலவில்லாத வேலை.

அடுத்தது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண். ஏசி1200 என்றால் 1200 மெகாபிட் வேகம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டையும் கூட்டி மேலே தூக்கிச் சொன்ன எண். ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இருக்கும். அந்த 867-ம் காகிதக் கணக்கு. கையில் பாதி கிடைத்தாலே நல்ல விஷயம். 2.4 சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 வேகமானது, கனத்த சுவரைக் கண்டால் ஓய்ந்துவிடும். பட்ஜெட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு அலைவரிசையும் இல்லாத ரூட்டரை இனி யாரும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. வைஃபை 5-க்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 வேண்டுமா? பல கருவிகள் ஒரே நேரத்தில் முட்டிமோதும் வீட்டில் அதன் பலன் தெரியும். எங்கள் வீட்டுப் போன்கள் பெரும்பாலும் வைஃபை 5. எனவே அதைத் தள்ளி வைத்தேன்.

விலை குறைந்த ரூட்டர்களில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது பின்பக்கம். அங்கே இருக்கும் போர்ட்டுகள் (ஒயர் செருகும் துளைகள்) 100 மெகாபிட்டா, கிகாபிட்டா (1000 மெகாபிட்)? முன்பக்கம் ஏசி1200 என்று எழுதிவிட்டு, பின்பக்கம் 100 மெகாபிட் போர்ட் வைத்த மாடல்கள் 1,500 ரூபாய் வாக்கில் நிறையக் கிடைக்கின்றன. காற்றில் 867 என்றாலும் உள்ளே வரும் வாசல் 100 தான். 100 மெகாபிட் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய குறையில்லை. 94, 95 வரை வரும். எங்கள் திட்டம் 150. அதனால் கிகாபிட் போர்ட் கட்டாயம் என்று முடிவு செய்துகொண்டேன். ஒயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும் அக்சஸ் பாயின்ட் முறை இருக்கிறதா என்பது இரண்டாவது நிபந்தனை. இரண்டுக்கும் பொருந்தி, விலைக்கும் பொருந்தியது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. 2,100 ரூபாய் சொச்சம். ஐந்து போர்ட்டும் கிகாபிட்.

சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும், சுவரில் செருகும் ரிப்பீட்டரையும் யோசித்தேன். மலிவு. ஆனால் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தவிர, எங்கள் சமையலறையில் அதற்குக் கிடைக்கும் சிக்னலே நொண்டி. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட்டு பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. ஆக, ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒயர் இழுத்து, அங்கே புது ரூட்டரை வைப்பது என்று தீர்மானித்தேன். சொல்லப்போனால் இந்தக் கதையில் ரூட்டரைவிட ஒயருக்குத்தான் மரியாதை அதிகம்.

கேட் 6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் இரண்டு வகை: முழுச் செம்பு, செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் லேசாகச் சுரண்டினால் இரண்டாவதில் உள்ளே வெள்ளையாகத் தெரியும். விலை குறைவு, ஆனால் வளைத்தால் எளிதில் ஒடியும், பிளக்கில் பிடிப்பும் நாள்பட நிற்காது. முழுச் செம்பாகவே வாங்கினேன். தாழ்வார ஓட்டின் அடியில், மழை படாமல், குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனோம்.

கேபிள் போட வந்த தம்பி கைவேலையில் சுத்தம். ஆனால் பிளக்கில் நான்கு கம்பிகளை மட்டும் நுழைத்துக் கிரிம்ப் செய்ய, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்த, பார்த்தார். "நெட்டுக்கு நாலு கம்பி போதும் அண்ணே, எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்றார். 100 மெகாபிட்டுக்குப் போதும்தான். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைச் சொன்னேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் நீவி நேராக்கி, நுனிகளைச் சமமாக வெட்டி, எட்டும் பிளக்கின் முனை வரை போய் முட்டுவதைப் பார்த்த பிறகே அழுத்தினார். மறுமுனையிலும் அதே வரிசை. மடிக்கணினியில் செருகிப் பார்த்தபோது இணைப்பு வேகம் 1000 என்று காட்டியது. எட்டில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் அது பேசாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும், யாருக்கும் தெரியாது. நிறுவனம் கொடுத்த பெட்டியிலும் ஜிஇ (கிகாபிட் போர்ட் என்பதன் குறி) என்று குறித்த போர்ட்டில்தான் ஒயரைச் செருக வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அமைப்பு வேலை அதிகமில்லை. புது ரூட்டரை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் முகவரி கொடுக்கும் பொறுப்பு ரேழிப் பெட்டியிடமே இருக்கும். இரண்டும் போட்டி போடாது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். 2.4-இல் ரேழிப் பெட்டிக்குச் சேனல் 1, புது ரூட்டருக்கு 11; சேனல் அகலம் இரண்டிலும் 20 மெகாஹெர்ட்ஸ். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானை அழுத்தியே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். சில போன்கள் பின்கட்டுக்கு வந்த பிறகும் ரேழிப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது என் மேசையில் மைனஸ் 44. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் 140-க்குக் குறைவதில்லை. சமையலறையில் 57, அம்மாவுக்கு அது தாராளம். கேபிள், பிளக், குழாய் 650 ரூபாய், கூலி 200. எல்லாம் சேர்ந்தும் 3,000-க்குள் அடங்கிவிட்டது.

மின்வெட்டுக்கு மட்டும் அடுத்த மாதச் சம்பளத்தில் சின்ன ரூட்டர் யுபிஎஸ் ஒன்று வாங்கி ரேழியில் வைத்தேன். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: சில பெட்டிகள் 12 வோல்ட், சில 9 வோல்ட். ஆம்பியரும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டாம் கட்டு ரூட்டருக்கு இன்னும் வாங்கவில்லை. மின்சாரம் போனால் அதுவரை கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.