வெல்டிங் ஓரத்து விரிசல்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் முடிந்து தகடு தொடங்கும் ஓரத்தில்தான் பிறக்கிறது. அங்கே பெயிண்டில் முடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். மேலே பூசி மூடுவது வேலையே அல்ல. விரிசலை முழுதும் தோண்டி எடுத்துவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும்.

அந்த ஓரத்தில் மாறி மாறி ஏறி இறங்கும் விசை இரட்டிப்பானால் அதன் ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். விலை கூடிய உறுதியான இரும்பு போட்டாலும் இந்த ஓரம் கேட்காது. கிரைண்டரில் பக்குவமாக இழைத்துவிட்டால் கூடுதலாகத் தாங்கும்.

1980இல் நார்வேயின் அலெக்சாண்டர் கீலண்ட் கடல் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு சிறு கருவியின் தாங்கியைப் பிடித்திருந்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் தொடங்கிய விரிசல் அது! ரிக்கின் உயரமான கோபுரச் சட்டமான மாஸ்டில் விளக்கு மாட்டக்கூட வெல்டிங் வைக்காதீர்கள், தம்பி. கிளாம்ப் போட்டு முறுக்குங்கள்.