பிஸ்கட் டின்னில் இருந்து வந்த மசோதா

நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அமைச்சராக இல்லாத உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும் மசோதாக்களுக்கு எண் போட்டு, அந்த எண்களை டின்னுக்குள் குலுக்கி எடுப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் சீட்டுக் குலுக்குவது போலத்தான். 2017 ஜூனில் அதில் இருந்து வந்தது டேவிட் சீமோரின் மசோதா. தீராத நோயில் கிடப்பவர் தானே கேட்டால் மருத்துவர் உதவியோடு இறக்கலாம் என்பது அதன் சாரம். 2015-லேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். இதே விஷயம் அங்கே 1995-லும் 2003-லும் வாக்கெடுப்பில் தோற்றிருந்தது. சீமோரோ அப்போது ஆக்ட் கட்சிக்கு இருந்த ஒரே ஓர் உறுப்பினர்.

அவருடைய மற்ற அரசியல் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. ஆனால் ஓர் ஆள் தனியாக நின்று 69-க்கு 51 என்று 2019 நவம்பரில் அதை எப்படி நிறைவேற்றினார் என்பதைப் பார்க்கவேண்டும். பேசிப் பேசி ஜெயிக்கவில்லை, வெட்டி வெட்டித்தான் ஜெயித்தார். முதல் வடிவத்தில், உடனே சாகமாட்டார் ஆனால் தாங்கமுடியாத வேதனை, குணப்படுத்தவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இடம் இருந்தது. கிரீன் கட்சி அதை எடுக்கச் சொன்னது, எடுத்தார். 6 மாதத்துக்குள் இறந்துவிடக்கூடிய நோய் என்று சுருங்கியது. நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி, மக்களிடமே கேட்டால்தான் ஆதரவு என்றது, சரி என்றார். மசோதாவைப் பரிசீலித்த குழுவுக்கு 39,000-க்கும் மேல் மனுக்கள் வந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பு. ஆனால் 2020 பொதுவாக்கெடுப்பில் 65 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு! மனு போடுகிறவர்களை வைத்து ஊரைக் கணக்குப் போடக்கூடாது என்று எங்கள் மலேசியாவில் எந்த ஒய்.பி.யும் (மக்கள் பிரதிநிதியும்) தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வெட்டிவிடப்பட்ட அந்த நோயாளிகளை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2021 நவம்பரில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. நோயாளிதான் முதலில் கேட்கவேண்டும், மருத்துவர் தானாக அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. யாரோ நெருக்குகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் அத்தோடு எல்லாம் நிற்கும்.

இதைப் பட்டர்வொர்த்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் வைத்துப் பாருங்கள். அவருக்குக் கணையத்தில் புற்று. பெரியம்மா டாக்டரை வெளியே நிறுத்தி, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவிடம் குடல் புண் என்றே சொல்லி வைத்தார்கள். கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹோஸ்பிஸில் இருந்து மிஸ்ஸி, அதாவது தாதி, வீட்டுக்கே வருவார். மார்ஃபின் பாட்டில் சாமி அலமாரியில் விபூதிக்குப் பக்கத்தில் இருக்கும், ஊசி இல்லாத சிரிஞ்சில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வாயில் விடவேண்டும். ஒருநாள் அவர் மிஸ்ஸியிடம், "ஏம்மா, குடல் புண்ணுக்கு இவ்வளவு நாளா?" என்றார். மிஸ்ஸி எங்களைப் பார்த்தார், எல்லோரும் தே ஓ (பால் இல்லாத டீ) கலக்கக் கிளம்பிவிட்டோம். தனக்கு என்ன நோய் என்றே தெரியாத மனுஷன் எந்தச் சட்டத்தின் கீழ் எதைக் கேட்பார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விருதுநகர் பக்கத்தில் தலைக்கூத்தல் என்று ஒன்று. முடியாத பெரியவர்களுக்கு எண்ணெய்க் குளியல், இளநீர் என்று கொடுத்து வீட்டாரே அனுப்பிவைப்பது. பாசத்தால் மறைக்கிற வீடும் சலிப்பால் முடிக்கிற வீடும் நம்மிடையே உண்டு, இரண்டிலும் படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. சீமோர் மாதிரி ஆளை இங்கே கொண்டுவந்து விட்டாலும் அவருக்கு முதல் சண்டை நம் வரவேற்பறையில்தான்.

இங்கே மலேசியாவில் அப்படி ஒரு மசோதா வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மக்களவையில் அரசாங்க அலுவலுக்கே முன்னுரிமை, தனி உறுப்பினர் மசோதா பட்டியலின் அடியில் கிடக்கும். மதமும் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆவது பிரிவையே 2023-இல்தான் நீக்கினார்கள். உதவுபவரைத் தண்டிக்கும் 306 இன்னும் இருக்கிறது, அது இருக்கட்டும் என்றுதான் இப்போதைக்கு எனக்கும் தோன்றுகிறது.

அதனால் எங்கள் ஒய்.பி.க்கு நான் எழுதியிருப்பது வேறு. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019 முதல் 2030 வரை என்று தேசியக் கொள்கை ஒன்று இருக்கிறதே, அதன்படி எங்கள் வட்டாரமான செபராங் பிறைத் தோட்டப்புறங்களுக்கு வீடு தேடிப் போகும் மிஸ்ஸிமார் எத்தனை பேர், சனிக்கிழமை ராத்திரி மார்ஃபின் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, குடும்பம் தடுத்தாலும் நோயாளியிடம் உண்மையைச் சொல்ல டாக்டர்களுக்கு யார் துணை நிற்பார்கள். மலாயில் எழுதி முடித்தாயிற்று. திங்கட்கிழமை சேவை மையத்தில் கொடுக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.